எரித்ததை எழுதி வைத்திருக்கிறார்கள்

போஸ்னியாவில் மோஸ்தாரிலிருந்து தலைநகர் சரயேவோவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். வழியில் நெடுந்தூரம் நெரெத்வா ஆறு பச்சையாகக் கூடவே வந்தது. நானும் யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவனும் முதுகுப்பையோடு போய் இறங்கினோம். கையில் இருந்தது ஒன்றரை நாள். "போர் நடந்த ஊரில் என்ன இருக்கிறது, அந்த நாளையும் வியன்னாவிலேயே கழிக்கலாமே" என்று வீட்டில் கேட்டார்கள். ஐரோப்பா என்றால் பாரிஸ், சுவிஸ் என்று ஒரே தடத்தில்தான் நாம் போய்வருகிறோம். ஒரு நாள் மிச்சம் பிடிக்க முடிந்தால் அதைச் சரயேவோவுக்குக் கொடுங்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பழைய கடைத்தெருவான பஷ்சார்ஷியாவில் செவாப்பி சாப்பிட்டோம். கொத்துக்கறியை விரல் நீளத்துக்கு உருட்டிச் சுட்டு, சூடான ரொட்டிக்குள் வைத்து, நறுக்கிய வெங்காயத்தோடு தருகிறார்கள். 1914-இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுடப்பட்ட லத்தீன் பாலத்து முனையும் பக்கத்தில்தான். ஐந்து நிமிடம் நின்றோம், அவ்வளவுதான்.

எங்களை நிறுத்தியது தரை. ஃபெர்ஹாதியா தெருவில் நடந்துகொண்டிருந்தபோது நண்பன் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்தான். நடுவில் ஒரு குழி. அதைச் சுற்றி, கோழி கிளறிய மண் மாதிரி சிதறிய கீறல்கள். எல்லாவற்றிலும் சிவப்புப் பிசின் ஊற்றி நிரப்பியிருக்கிறது. மோர்ட்டார் குண்டு விழுந்து ஆட்கள் செத்த இடம். 'சரயேவோ ரோஜா' என்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் நிறம் மங்கிப்போயிருந்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு அம்மா அதை மிதிக்காமல் வளைந்து போனார்.

1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை இந்த ஊர் போஸ்னிய செர்பியப் படைகளின் முற்றுகையில் இருந்தது. மார்க்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று விழுந்த ஒரே குண்டுக்கு 68 பேர் பலி. அதே சந்தையில் இன்றைக்கும் காய்கறி விற்கிறார்கள். பின்னால் சுவரில் இறந்தவர்களின் பெயர்கள்.

மறுநாள் காலை, ஆற்றங்கரையில் வியெச்னிட்சா. தேசிய நூலகம் இருந்த கட்டடம். 1992 ஆகஸ்டில் குண்டு வீசி எரித்தார்கள். 2014-இல் பழையபடியே அழகாகக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆனால் வாசலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்த இரவில் எரித்தார்கள், யார் எரித்தார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களும் ஆவணங்களும் தீயில் போயின, மறக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது.

நண்பன் அதை இரண்டு தரம் வாசித்தான். "மச்சான், எங்கட நூலகத்துக்குப் போனனான். இப்பிடி ஒரு வரி என்ரை கண்ணிலை படேல்லை" என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. 1981-இல் யாழ் நூலகத்தோடு எரிந்தவை 97,000 நூல்கள்.

அந்தக் கல்வெட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. 'செர்பியக் குற்றவாளிகள்' என்று ஓர் இனத்தின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இந்த ஊரைக் காத்து நின்ற தளபதி ஜோவான் டிவ்யாக்கும் செர்பியர்தானே? உத்தரவிட்டவர்களின் பெயரை எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் எழுதாமல் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். யாழ் நூலகத்தைத் திரும்பக் கட்டுவதா, எரிந்தபடியே நினைவுச் சின்னமாக விடுவதா என்று நம் ஆட்கள் வாதாடியது உண்டு. இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்பதைச் சரயேவோவில்தான் கண்ணால் பார்த்தேன். கட்டத்தான் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டுமே. வாசலில் எழுதவும் வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும்.

பஸ்ஸுக்கு முன் நண்பன் தன் அப்பாவை ஃபோனில் கூப்பிட்டான். பள்ளிக்கூட நாளில் அந்த நூலகத்தில் வாசித்தவர் அவர். கல்வெட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "எத்தினை புத்தகம் எண்டும் எழுதியிருக்கினமோ, தம்பி?"