வலாந்த்ரே பாலத்துச் சாத்தான் சிற்பம் பற்றி ஒரு திருத்தம்

பிரான்சின் காஓர் நகரில் லோத் ஆற்றின் மேல் நிற்கும் வலாந்த்ரே பாலத்தின் நடுக் கோபுரத்திலுள்ள சாத்தான் சிற்பத்தை, பதினான்காம் நூற்றாண்டுக் கொத்தர்கள் எதிரிகளை அச்சுறுத்தச் செதுக்கினார்கள் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. பாலம் பழையதுதான், 1308இல் தொடங்கிய வேலை 1378இல்தான் முடிந்தது. ஆனால் அந்தச் சிற்பம் 1879ஆம் ஆண்டுப் புதுப்பிப்பின்போது பால் கூ (Paul Gout) என்னும் கட்டடக் கலைஞர் வைத்தது.

வேலை இழுத்துக்கொண்டே போனதால் சாத்தானிடம் ஆன்மாவை அடகு வைத்த மேஸ்திரி, கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனை ஏமாற்றினார் என்றும், அந்த ஆத்திரத்தில் கோபுர உச்சியின் ஒரு கல்லைச் சாத்தான் இரவுதோறும் பெயர்த்தெடுத்தான் என்றும் ஊர்க்கதை உண்டு. கூ அந்தக் கதையையே கல்லில் பதித்துவிட்டார்: கோபுர விளிம்பைப் பற்றிக் கல்லைப் பிடுங்க முயலும் குட்டிச் சாத்தான் அது. (நல்ல குறும்பு, ஒப்புக்கொள்ள வேண்டும்.)

எதிரிகளைத் தடுக்கவென்றே கட்டியவை, பாலத்தின் மேல் எழும் மூன்று சதுரக் கோபுரங்கள். தற்காப்பைப் பற்றிப் பேச விரும்புவோர் அவற்றையே சுட்டலாம்.