கேட்டது இழுவை, கொடுத்தது சத்தம்

"தம்பி, போர்ட்டை ரெண்டு எம்எம் மேல ஏத்திட்டேன். இனிமே வண்டி பறக்கும்."

மெக்கானிக் சொன்னது இது. போர்ட்னா இன்ஜின் சிலிண்டர் சுவர்ல வாயு போற துளை. யார்யா பறக்கணும்னு கேட்டது?

என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை அவர்கிட்ட விடும்போதே தெளிவாச் சொன்னேன். ஏற்காட்டுல தெரிஞ்சவங்க காப்பித் தோட்டத்துக்குள்ள ஓட்டணும், வேகம் வேண்டாம். செங்குத்து ஏத்தத்துல, வேர் மேலயும் சரளை மேலயும் நடக்குற வேகத்துல ஊர்ந்தாலும் இன்ஜின் ஆஃப் ஆகக்கூடாது. தாள்லயும் எழுதிக் கொடுத்தேன். இழுவை கூட முன் ஸ்ப்ராக்கெட்ல, அதான் செயின் ஓடுற முன் பல்சக்கரத்துல, ஒரு பல் குறைக்கணும், இன்ஜினுக்குள்ள போற கலவை திரும்பி வராம தடுக்குற ரீட் வால்வு புதுசு போடணும், கார்பரேட்டரைக் கழுவணும். போர்ட்ல கை வைக்க வேண்டாம்னு அடிக்கோடு வேற. "விடுங்க தம்பி, நான் பாக்காத வண்டியா"ன்னார்.

98 சிசி டூ ஸ்ட்ரோக். கம்பெனி கணக்குப்படியே 7,500 ஆர்பிஎம்லதான் 11 குதிரைசக்தி முழுசா வரும். காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவுல 7,500-ல யாரால ஓட்ட முடியும்? புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் போர்ட்டை மேல ஏத்தினா அது சீக்கிரம் திறந்துக்கும். எரிஞ்ச வாயு பிஸ்டனைத் தள்ளி முடிக்கிறதுக்குள்ள வெளியே ஓடிடும். மேல் சுத்துல சீறும், கீழ இழுவை செத்துப்போகும். எனக்கு வேணும்னு கெஞ்சின அந்த ஒண்ணைத்தான் அரம் போட்டு ராவி எடுத்திருக்கார்!

அதோட நிறுத்தினாரா? இன்ஜினோட சேர்ந்து சுத்துற மேக்னெட் வீலை லேத்துல கொடுத்து எடையைக் குறைச்சிருக்கார். மெதுவா போகும்போது இன்ஜினை ஆஃப் ஆகாம காப்பாத்துறதே அந்தச் சுத்துற எடைதான். ஏர் ஃபில்டரைக் கழட்டி வீசிட்டு ஒரு வலையை மாட்டியிருக்கார். தோட்டத்துச் செம்மண் தூசி நேரா உள்ள போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் பிளாக்கையும் தேய்க்கட்டும்னு விட்டுட்டார். 1,500 மீட்டர் உயரத்துல காத்து மெலிசு, அதனால கார்பரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற ஜெட் சின்னதாகணும். இவர் பெருசு போட்டிருக்கார். சைலன்சருக்குள்ள சத்தத்தை அடக்குற பேஃபிளும் இல்லை.

முதல் ஏத்தம். ரெண்டாவது கியர்ல ஒரு திணறல், ஆஃப். உதைச்சேன். த்ராட்டிலை முறுக்கினா ஒண்ணுமே இல்லாம இருந்து திடீர்னு வெறி பிடிச்ச மாதிரி சீறி, பின்சக்கரம் சறுக்கி, வண்டி குறுக்கால நின்னுச்சு. மறுபடி உதை. கிளட்சை வழுக்கவிட்டே ஏத்தினா கருகின வாடை. பிளக்கைக் கழட்டினா கரியும் எண்ணெயும். மாத்திட்டு உதைச்சா, காட்டுமாடு திரியிற மலையே அதிர்ற சத்தம். மேஸ்திரி ஓடி வந்தார். காய் பறிச்சிட்டிருந்த அம்மாக்கள் எல்லாரும் காதைப் பொத்திட்டு நின்னாங்க. "தம்பி, இந்த வண்டி இனி உள்ள வரக்கூடாது." அவர் சொன்னதுல ஒரு தப்பும் இல்லை. அந்த அனுமதி கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திரும்பிப் போய்க் கேட்டா, "எல்லாப் பசங்களும் இதைத்தான கேக்குறாங்க"ங்கறார். எல்லாப் பசங்களும் கேட்டா எனக்கென்ன? நான் என்ன கேட்டேன்? ஜெட்டை மாத்தலாம், ஃபில்டரைத் திரும்ப மாட்டலாம். ராவின உலோகத்தை எப்படி ஒட்டுறது? 1996-லயே உற்பத்தி நின்ன வண்டி. ஒரிஜினல் பிளாக்குக்கு எங்கே போறது? கடை கடையா ஏறினா டூப்ளிகேட்டை நீட்டி ஒரிஜினல்னு சத்தியம் பண்றாங்க.

இந்தக் கடுப்புல, டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஊத்துற டூ-டி ஆயில் வாங்கலாம்னு பங்க்குக்குப் போனேன். "அதெல்லாம் இப்ப வர்றதில்லண்ணே"ன்னு ஒரு பையன் சொல்லிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டான். ஊர்ல இத்தனை டூ ஸ்ட்ரோக் ஓடுது, அதுக்கெல்லாம் என்னத்தைடா ஊத்துறது?