சோலார் வந்தால் எங்கள் வேலை என்னாகும்?

போன வாரம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு டீக்கடை. ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி பேச்சுவாக்கில் கேட்டார்: "பையன் ஐடிஐ படிக்கிறான். எல்லாம் சோலாராகிட்டா அவனுக்கு இங்க வேலை கிடைக்குமாண்ணே?" அங்கே நின்றபடி எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஒரு வாரமாக அதே யோசனை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நிலக்கரியை விட்டால் லட்சக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இதுவரை சுரங்க வேலைகளை விழுங்கியது சோலார் அல்ல. அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் கணக்கையே பாருங்கள். 2013-14இல் 46 கோடி டன் வெட்டியபோது அங்கே நிரந்தரப் பணியாளர்கள் சுமார் 3.46 லட்சம் பேர். 2023-24இல் வெட்டியது 77 கோடி டன்னுக்கு மேல். பணியாளர்களோ சுமார் 2.3 லட்சம்தான். ஆழத்தில் ஆள் இறங்கி வெட்டும் சுரங்கங்கள் குறைந்தன, திறந்தவெளிச் சுரங்கங்களில் ராட்சத இயந்திரங்கள் இறங்கின, ரிடையரானவர்களின் இடங்கள் பல நிரப்பப்படவில்லை. அதே பத்து வருஷத்தில் புகை கூடிக்கொண்டேதான் இருந்தது. கரியைக் காப்பாற்றினால் வேலையும் பிழைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நெய்வேலிக்கே வருவோம். 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தில் ஒன்பது அலகுகள், மொத்தம் 600 மெகாவாட். அதை 2020 செப்டம்பரில் மூடினார்கள். அதற்கு மாற்றாக வந்த புதிய நிலையத்தில் இரண்டே அலகுகள். ஆனால் 1000 மெகாவாட். ஒரு யூனிட் கரண்டுக்கு எரியும் கரி முன்பைவிடக் குறைவு, அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சிக்கனத்தோடு நிற்காமல் நிலையத்தையே பெரிதாக்கிக் கட்டினோம். நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதே அளவு கரண்டுக்கு மற்ற நிலக்கரியைவிட அதிகக் கரியமில வாயுவை விடுவது அது. வளர்ச்சியும் டெக்னாலஜியும் வந்தால் புகை தானாகக் குறைந்துவிடும் என்ற பேச்சை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் சோலார் வேலை தருமா? கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்தைச் சுமார் 8,500 பேர் சேர்ந்து எட்டே மாதத்தில் கட்டினார்கள். கட்டி முடிந்ததும் பேனல் துடைப்பது ரோபோ. அதைக் குறை சொல்லவில்லை, எனக்குச் சோலார் வேண்டும். ஆனால் சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஒரு ஊரையே உருவாக்கின. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஷிப்ட் பஸ், அதை நம்பி சுற்றுவட்டாரக் கடைகள் எல்லாம் வந்தன. பேனல் வயலைச் சுற்றி அப்படி ஒரு ஊர் முளைக்காது. கரி வேலைக்கு ஈடாகச் சோலார் வேலை வந்துவிடும் என்று யாராவது சொன்னால், எத்தனை வருஷத்துக்கு, எந்த ஊரில், என்ன சம்பளத்துக்கு என்று கேளுங்கள்.

நெய்வேலியின் பெரிய மண்வெட்டி இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த நாட்டின் லவுசிட்ஸ் பகுதியும் பழுப்பு நிலக்கரி பூமிதான். 1990இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் இணைந்த பின் சில வருஷங்களிலேயே அங்கே பல்லாயிரம் பேருக்கு வேலை போனது, இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அந்தக் காயம் மறக்காததால்தான், 2020இல் நிலக்கரியைக் கைவிடச் சட்டம் போட்டபோது, கரிப் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். 58 வயதைத் தாண்டிய தொழிலாளி வேலை இழந்தால், பென்ஷன் தொடங்கும்வரை ஐந்து வருஷம் வரை உதவித்தொகை.

இங்கே அப்படி ஒரு திட்டம் வந்தால் டீக்கடையில் என்னிடம் கேட்ட அந்த காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதில் இடம் இருக்குமா என்பதுதான் என் கவலை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தபோது இறந்தவர்களில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆபத்தில் நிற்கும்போது அவர்கள் நிலையத்தின் ஆட்கள். நிவாரணம், மறுபயிற்சி என்று பேச்சு வரும்போது மட்டும் அவர்களை காண்ட்ராக்டரின் ஆட்களாக ஒதுக்கக் கூடாது.

இந்தியா 2070க்குள் நிகர பூஜ்யம், அதாவது வெளியே விடும் கரியமில வாயுவுக்கும் உறிஞ்சப்படுவதற்கும் கணக்கு நேராகிவிடும் என்று சொல்லியிருக்கிறது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். யார் எத்தனை வருஷம் எந்தச் சுரங்கத்தில், எந்த பாய்லரில் வேலை செய்தார் என்ற பதிவேட்டை இப்போதே எழுதத் தொடங்குங்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் அந்தப் பெயரும் சர்வீஸும் மாறக் கூடாது. என்னிடம் கேட்ட அந்தத் தொழிலாளியின் மகன் படிக்கும் ஐடிஐயில் சோலார், பேட்டரி, கிரிட் (மின்கட்டமைப்பு) பராமரிப்புக்கு இந்த வருஷமே வகுப்பு வேண்டும். அவன் இரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிடுவான்.