ஏழு நிமிடக் குற்றவாளி

ஏழு நிமிடம். முழுதாக ஏழு நிமிடம்கூட இல்லை; செக்யூரிட்டி அக்காவின் கைக்கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும். போகட்டும், அவர் கணக்கே இருக்கட்டும். 6.30க்கு மூடுகிற எங்கள் பெண்கள் விடுதி கேட்டுக்கு நேற்று மாலை 6.37க்கு வந்தேன். அந்த இடைவெளியில் நான் வீட்டைவிட்டு ஓடிப்போனவளாகவே ஆகிவிட்டேன்.

துரைப்பாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு 4.30க்கே கிளம்பிவிட்டேன். நான் செய்த பாவம் ஒன்றே ஒன்று: பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் வரட்டும் என்று நின்றேன். மாதக் கடைசியில் முதலாண்டு மாணவியின் பர்ஸில் என்ன இருக்கும்? இஸ்திரிக் கடைச் சீட்டு, ஒரு பத்து ரூபாய் நாணயம். ஏசி பஸ்களாக வந்து போயின. ஒருவழியாக நம் இளஞ்சிவப்பு பஸ் வந்தது. மெட்ரோ வேலைக்காக அடைத்த தடுப்புகளுக்கு நடுவே மாட்டு வண்டியாகவே நகர்ந்தது.

கேட்டில் அக்கா, “மணி என்ன?” என்றார். கடிகாரம் அவர் கையில். என்னைக் கேட்கிறார். சொன்னேன். “தெரிகிறது அல்லவா?” என்று சொல்லிவிட்டு, தாமதப் பதிவேட்டைத் தேட உள்ளே போனார். பத்து நிமிடம். அதுவரை நான் வெளியே, இருட்டில், தெருநாய்களோடு. கேட்டை மூடுவது எங்கள் பாதுகாப்புக்காகத்தானாம்!

பதிவேட்டில் ‘தாமதத்துக்கான காரணம்’ என்ற கட்டம் தீப்பெட்டி அகலத்துக்குத்தான் இருந்தது. பக்கத்தின் உச்சியில் யாரோ ஒரு புண்ணியவதி ‘போக்குவரத்து நெரிசல்’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாக எல்லாரும் ‘மேற்படி’. நானும் ‘மேற்படி’ என்று எழுதினேன்.

வார்டன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். “மேற்படியா? என்ன திமிர்!” எனக்கு முன்னால் ஒரு பக்கம் நிறைய மேற்படி, திமிர் மட்டும் என்னுடையது. அதன் பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது. யாரோ உறவுக்காரர் வீட்டு வளைகாப்பு. வளையல் எத்தனை டஜன் என்பதுவரை நின்றபடியே கேட்டேன். ஏழு நிமிட அசலுக்கு நாற்பது நிமிட வட்டி.

பேசி முடித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டார். “உங்கள் மகள் நேரத்துக்கு விடுதிக்கு வரவில்லை.” சொல்லிவிட்டு இருமினார். தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகி மூடினார். அப்புறம்தான், “இப்போது வந்துவிட்டாள், என் முன்னால்தான் நிற்கிறாள்” என்றார். அந்த இருமலுக்கும் மூடிக்கும் நடுவே அறந்தாங்கியில் ஒரு மளிகைக் கடையில் அப்பா பாதி உயிரை விட்டிருப்பார். மீதியை அம்மா விட்டார், இரவு ஐந்து முறை அழைத்து, “உண்மையைச் சொல், எங்கே போனாய்?” என்றார். மீன் குழம்பு சாப்பிட்டதற்குச் சித்தியே சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்து மன்னிப்புக் கடிதம். முதல் கடிதத்தில் ‘பணிவுடன்’ இல்லையென்று திரும்பியது. இரண்டாவதில் ஓரம் விடவில்லையாம். மூன்றாவதில் ‘இனி இவ்வாறு நடக்காது’ என்று உறுதி கொடுத்தேன். மெட்ரோ வேலை எப்போது முடியும் என்று அரசாங்கமே உறுதி கொடுக்கத் தயங்கும்போது, நான் கொடுத்திருக்கிறேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் விடுதி. அவர்களுக்கு 9.30. சேரும்போது, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்கிறது என்று என்னிடமும் அப்பாவிடமும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் பத்திரத்தைத் துரத்தித் துரத்தி வாங்கினார்கள். நல்லது, வாங்கட்டும். அதே யுஜிசி 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விதிகள் போடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்தத் தாள் வந்த அன்று மட்டும் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது போலும்.

சரி, நேரம்தான் உயிர் என்றால் எல்லாருக்கும் அப்படியே இருக்கட்டும். 5.30க்கு வர வேண்டிய தண்ணீர் 6.15க்கு வருகிறது, மோட்டார் எந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறது? சுற்றாத மின்விசிறிக்கு எழுதிக் கொடுத்து இருபத்து மூன்று நாள். அதற்கு யாருடைய அப்பாவைக் கூப்பிடுவது? ஊருக்குப் போவதை இரண்டு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்காமல் ஒரு நாள் முன்னதாகக் கொடுத்தேனாம், அதனால் நான்கு நாள் சாப்பிடாத சோற்றுக்கும் மெஸ் பில்லில் என் பங்கு விழுந்தது. மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கிறார்களே, அந்தக் கணக்கில் மட்டும் என் தலை எப்போதும் விடுதிக்குள்ளேயே இருக்கிறது.

அறைக்குத் திரும்பி அழலாம் என்றுதான் நினைத்தேன். கதையைக் கேட்ட மூன்று பேரும் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். இரவே எனக்குப் பெயர் மாறிவிட்டது. “மேற்படி, விளக்கை அணை.” “மேற்படி, ஊறுகாய் பாட்டில் எங்கே?” நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் இன்று காலை குளியலறைக்குப் போனால் என் பச்சை வாளியைக் காணோம். நகப்பூச்சால் பெயர் எழுதிய வாளி. மாடி முழுக்கத் தேடி, கடைசியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கிடைத்தது. உள்ளே யாருடையதோ ஒரு ஜீன்ஸ், நேற்றிலிருந்து ஊறுகிறது. சாயம் ஏறி என் பெயரே நீலமாகியிருக்கிறது. யாரடி அது?