அயர்லாந்து மரப்பாதை ரோமானியர் போட்டது அல்ல

"அயர்லாந்தில் ரோமானியப் படை போட்ட மரச்சாலை, இன்றும் வண்டி ஓடுகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அது லாங்ஃபோர்டு கவுன்டியின் கார்லியா பாதை. அதன் ஓக் மரங்கள் வெட்டப்பட்டது கி.மு. 148 என்று மரவளையங்களே காட்டிவிட்டன. ரோமானியர் அயர்லாந்தை ஆண்டதே இல்லை. போட்டவர்கள் அந்த மண்ணின் மக்கள்தான். பலகை முனையில் துளையிட்டு, முளைக்குச்சி அடித்து இறுக்கிய கைவேலையைப் பாருங்கள்! பாரம் தாங்காமல் சில வருடங்களிலேயே பாதை சதுப்பில் அமிழ்ந்தது. காற்றுப் புகாத அந்தச் சேறுதான் மரத்தை மக்கவிடாமல் காத்தது. தொல்லியலாளர் பேரி ராஃப்டரி 1985 முதல் அங்கே அகழாய்வு செய்தார்.

இப்போது 18 மீட்டர் மட்டும் கீனா கிராமம் அருகே அரசுக் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.