கதவில் ஒட்டிய தாள்

"இன்று முதல் வகுப்புகள் இல்லை." கலிபோர்னியாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் படித்துவந்த தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளியின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது அவ்வளவுதான். மருத்துவ உதவியாளர் படிப்பு. முடிய ஆறு வாரம்தான் பாக்கி. சீருடையோடு போய் நின்றவர் அப்படியே திரும்பி வந்தார். அவர் வாங்கியிருந்தது தனியார் கடன். பள்ளி மூடினால் மத்திய அரசுக் கடனுக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதற்குப் பொருந்தாது.

அவருடைய சேர்க்கை ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம் என்ற விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். தந்திருக்கிறார்கள். ஓரத்தில் இவருடைய சுருக்கொப்பமும் இருக்கிறது. "விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டே போனேன் அண்ணா" என்றார். மாநில அனுமதி பெற்ற பள்ளி என்ற வரியைத்தான் அவர் நம்பினார். சட்டத்தின் குறைந்தபட்ச விதிகளுக்கு உட்பட்டது என்பதே அந்த வரியின் பொருள். நல்ல பள்ளி என்று அரசு சொன்னதாகப் பொருளில்லை. இந்த வேறுபாடு பதினெட்டு வயதில் யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் கல்லூரிகளைக் கண்காணிக்க மூவர் உண்டு: உரிமம் தரும் மாநிலம், தரச்சான்று தரும் அமைப்பு, கடன் தரும் மத்திய அரசு. ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர் இருந்துவிடுகிறார்கள். பல வளாகங்களை நடத்திவந்த கோரிந்தியன் காலேஜஸ் என்ற தனியார் கல்லூரி நிறுவனம் 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த வளாகங்களையும் மூடியபோது சுமார் 16,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதன் முன்னாள் மாணவர்கள் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை மத்திய அரசு ரத்து செய்வதாக அறிவித்தது 2022 ஜூனில். அந்தச் சுமை வரி கட்டுகிறவர்கள் தலையில்தான் விழுந்தது.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். கலிபோர்னியாவின் பழைய கண்காணிப்புச் சட்டம் 2007 ஜூன் இறுதியில் காலாவதியானது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஜனவரியில். இடையில் இரண்டரை ஆண்டுகள் இந்தப் பள்ளிகளைக் கேட்பாரில்லை. சட்டமன்றத்தில் இழுபறி என்றார்கள். அந்த இழுபறிக்கு விலை கொடுத்தவர்கள் அவையில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர்.

கட்டுப்பாடு கூடினால் நேர்மையான சிறு பள்ளிகள் நசுங்கும் என்கிறார்கள். அந்தப் பள்ளிகளிடம் அரசு வாங்கும் கட்டணத்தில் சலுகை கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி திறக்கும் முன்பே, மூடினால் மாணவர்களுக்குத் திருப்பித் தரும் அளவுக்குப் பிணைத்தொகை வாங்குங்கள். கணக்குப் புத்தகத்தை ஆண்டுதோறும் பாருங்கள். சொல்லாமல் வகுப்பறைக்குள் போய் உட்காருங்கள். மதிப்பெண் பதிவுகளின் நகல் முதல் பருவத்திலிருந்தே அரசிடம் இருக்கட்டும்.

மூடிய பள்ளிகளின் மாணவர்களுக்கு இழப்பீடு தர மாநிலத்தில் ஒரு நிதி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதற்கான விண்ணப்பத்தை நிரப்பினோம். ரசீதுகள் எல்லாம் இருந்தன. வருகைப் பதிவு மட்டும் பூட்டிய கட்டடத்துக்குள் இருக்கிறது.