முகாம் முடிந்து வரும் திங்கட்கிழமை

ஏற்காட்டில் வாலிபர் முகாம் வைப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். இந்த மே மாதமும் நம் சேலத்துச் சபைகளிலிருந்து பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போவார்கள். போகட்டும். கடைசி நாள் இரவு நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி உட்காரவைத்து, "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்கும்போது உயருகிற கைகளையும் வழிகிற கண்ணீரையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீர் உண்மையானது. "எல்லாம் ரெண்டு நாள் வேகம்" என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

என் கவலை அடுத்து வரும் திங்கட்கிழமை பற்றியது. கை உயர்த்திய அந்தப் பிள்ளை அன்று கல்லூரி விடுதியில் இருப்பான், அல்லது பெங்களூரில் நாலு பேர் சேர்ந்து தங்கும் பி.ஜி. அறையில் இருப்பாள். அங்கே அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் ஐக்கியத்திலும் பல வருடம் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பிள்ளை விசுவாசத்தில் நிற்பதும் நழுவுவதும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

முகாம்களில் நாம் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மொபைல், சினிமா, காதல், குடி. எல்லாமே செய்யக்கூடாதவை. இவை ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆன்லைன் ரம்மியில் அப்பாவின் சேமிப்பைத் தொலைத்த பையன் நம் சபைக் குடும்பங்களிலும் உண்டு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. நள்ளிரவில் தனியாகப் பார்க்கும் ஆபாச வீடியோக்களும் அப்படித்தான். ஆனால் இதெல்லாம் கூடாது என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் விழுகிறார்கள். விழுந்ததை யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

தானியேல் கதையை ஞாயிறு பள்ளியில் சிங்கக் கெபியோடு முடித்துவிடுகிறோம். வாலிபப் பிள்ளைகளுக்கு முதல் அதிகாரத்தைத்தான் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லித்தர வேண்டும். அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட அந்தப் பையன் பாபிலோனின் எழுத்தையும் பாஷையையும் படித்தான். மூன்று வருடப் படிப்பு. பெல்தெஷாத்சார் என்று அவனுக்கு வேறு பெயரே வைத்துவிட்டார்கள், அதையும் சுமந்தான். அந்த அரசாங்கத்திலேயே வேலை பார்த்தான். ராஜாவின் உணவும் திராட்சரசமும் மட்டும் வேண்டாம் என்றான். அதையும் சண்டை போட்டு மறுக்கவில்லை, விசாரணைக்காரனிடம் மரியாதையாகப் பேசி, பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான். உலகத்துக்குள் இருந்துகொண்டே எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அவன். நாம் எல்லாவற்றுக்கும் இல்லை சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று வேலை செய்கிற இடத்தில் யாராலும் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அதன் பிறகு எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஆகிவிடுகிறது.

இன்னொன்று. தானியேல் தனியாக இல்லை. அனனியா, மீஷாவேல், அசரியா என்று மூன்று பேர் கூட இருந்தார்கள். ராஜாவின் கனவைச் சொல்லாவிட்டால் தலை போகும் என்ற நிலை வந்தபோது, தவணை கேட்டுவிட்டு அவன் நேராக வீட்டுக்குப் போய் அந்த மூவரிடம் சொல்லி ஜெபிக்கச் சொன்னான். பெங்களூரு அலுவலகத்தில் டீம் அவுட்டிங் போகும்போது எல்லோர் கையிலும் கிளாஸ் இருக்க, தான் மட்டும் ஜூஸ் கேட்கும் பெண்ணுக்கு நூறு பிரசங்கத்தைவிட, இரவு போன் போட்டு "இன்னைக்கு இப்படி ஆச்சுடி" என்று சொல்ல ஒரு தோழி இருப்பது பெரிய பலம்.

அடுத்தது பெற்றோரைப் பற்றி. கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடம் பிள்ளையை ஆலயத்துக்கு அனுப்பாத வீடுகள் நம்மிடையே எத்தனை! நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தவர்களை விடுங்கள், அங்கே வழியில்லை. வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைக்கும் ஞாயிறு காலையில் நீட் கோச்சிங். அந்தத் தேர்வையே ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்கிறார்கள் என்பது வேறு. "இந்த ரெண்டு வருஷம் மட்டும் கண்ணு, அப்புறம் காலம் பூரா சர்ச்சுக்குப் போலாம்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். முக்கியமான காரியம் வரும்போது தேவனைத் தள்ளிவைக்கலாம் என்ற பாடத்தைப் பிள்ளை நம்மிடமிருந்தே முதலில் கற்றுக்கொள்கிறது. வேலைக்குப் போன பிறகு அதே கணக்கை அது போடும்போது, "உலகம் கெடுத்துவிட்டது" என்று அழுகிறோம். ஒன்றரை மணி நேர ஆராதனையால் மதிப்பெண் குறைந்துவிடாது. குறைந்தாலும் நான் ஆராதனை பக்கம்தான் நிற்பேன்.

இனி எழுதப்போவதை நம் சபைகளில் மெதுவான குரலில்தான் பேசுவார்கள். சாதிச் சான்றிதழ் விஷயம்.

1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவர்களான குடும்பங்களின் பிள்ளைகள், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்கள். தெருவில் அதே சாதிப் பெயரைச் சொல்லித்தான் அவர்களைத் திட்டுகிறார்கள். ஆனால் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் கைவிட்டுப் போகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடும் பிள்ளை, தாலுகா அலுவலகத்தில் தன்னை இந்து என்று எழுதிக்கொடுக்க வேண்டிய நெருக்கடி பல வீடுகளில் இருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ விசுவாசத்தில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்து இரவெல்லாம் தூங்காத அம்மாக்களை எனக்குத் தெரியும்.

பதினேழு வயதுப் பிள்ளையின் விசுவாசத்தின்மேல் வைக்கப்படும் இதைவிடப் பெரிய உலக நெருக்கடி எது? இதைப் பற்றி ஒரு முகாமிலாவது பேசியிருக்கிறோமா? சட்டம் அநியாயமானது என்பதே என் எண்ணம், அதை மாற்றச் சபைகள் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும். அதுவரை பிள்ளையிடம் என்ன சொல்வது? பொய்யாக எழுது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கிக்க முடியாது. உண்மையாக எழுது என்று சொல்லிவிட்டு, அதனால் வரும் நஷ்டத்தை அந்த வீட்டின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. உண்மையை எழுதிய பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது யார்? ஆலயத்துக்குக் கிரானைட் பதிக்கவும் கோபுரத்துக்கு விளக்கு போடவும் நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு, அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்வி நிதி திரட்டத் தெரியாதா? எந்த வழியும் இல்லாமல் மாற்றி எழுதிவிட்ட பிள்ளையும் நம் பிள்ளைதான். அவனைக் குற்றவாளி போல் பார்க்கும் கண்கள் ஆலயத்துக்குள் இருக்கக்கூடாது.

சாதியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. லண்டன் மிஷனரிச் சங்கம் சேலத்தில் 1827-இல் வேலை தொடங்கியது. ஏறக்குறைய இருநூறு வருடம். இன்றும் நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி ரட்சிக்கப்பட்ட பையனா என்பது அல்ல, "நம்ம ஆளுங்களா" என்பதுதான். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய பெண், இருபத்தைந்து வயதில் அப்பாவின் வாயிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறாள். அன்று அவள் மனதில் உடைவது அப்பாவின் மேல் இருந்த மரியாதை மட்டும் இல்லை. சினிமா செய்ய முடியாத சேதம் இது.

கேள்விகளுக்கு வருகிறேன். பரிணாமம், மற்ற மதத்து நல்லவர்களின் கதி, பாட்டி புற்றுநோயில் துடித்தபோது ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை, இப்படிப் பிள்ளைகள் கேட்பார்கள். "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, விசுவாசி" என்று வாயை அடைத்தால், கேள்வி யூடியூப்புக்குப் போகும். அங்கே பதில் சொல்ல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். இயேசு மறுரூப மலையிலிருந்து கீழே இறங்கி வந்ததும் எதிர்ப்பட்டது ஒரு தகப்பன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். அவனை அவர் திட்டவில்லை. பாதி விசுவாசத்தோடு வந்தவனின் மகனைச் சுகமாக்கினார். முகாமில் ஒரு முழு இரவைக் கேள்விகளுக்கென்றே ஒதுக்குங்கள். ஆயருக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியலப்பா, சேர்ந்து படிப்போம்" என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை அந்தப் பிள்ளைகள் காலமெல்லாம் நேசிப்பார்கள்.

வழி விலகிப் போன பிள்ளைகள் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மாற்கு ஞாபகம் வரும். பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் கூடப் போய், பாதியிலேயே விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்ட வாலிபன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டவே வேண்டாம் என்றார் பவுல். பர்னபா விடவில்லை. இதற்காகப் பவுலோடு பிரிந்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பல வருடம் கழித்து, சிறையிலிருந்து பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், கூட ஊழியம் செய்த தேமா உலகத்தின் மேல் ஆசைவைத்து என்னை விட்டுப் போய்விட்டான் என்று. அதற்கு அடுத்த வசனத்திலேயே, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். தேமாவுக்கு ஒரு பர்னபா கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேதம் சொல்லவில்லை. மாற்குவுக்குக் கிடைத்தார், அவ்வளவு தெரியும்.

இதை வைத்து எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். முகாமுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் ஒரு பெரியவர். வாத்தியார், நர்ஸ், வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் சரி. மாதம் ஒரு தடவை டீக்கடையிலோ வீட்டிலோ உட்கார்ந்து பேச வேண்டும். அட்வைஸ் வேண்டாம், காது போதும். பிள்ளை சொன்னது அம்மா அப்பா காதுக்குப் போகக்கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள்தான். திடப்படுத்தல் எடுத்து சபையின் முழு உறுப்பினரான பிள்ளைகளைப் பாட்டுக்கும் கிறிஸ்துமஸ் ஜோடனைக்கும் மட்டும் கூப்பிடாமல், சபைக் கமிட்டியிலும் உட்காரவைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. விடப்போவதில்லை.

வேலைக்கு, படிப்புக்கு வெளியூர் போகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு. ரயில் ஏறுவதற்கு முன்பே அந்த ஊர்ச் சபைக்கு ஆயரின் கடிதம் போக வேண்டும். முதல் ஞாயிறு அங்கே யாராவது ஒருவர் பிள்ளையை அழைத்துப்போய், மதியம் வீட்டில் சாப்பாடு போட வேண்டும். முதல் மாதம் ஆலயத்துக்குப் போகாமல் பழகிவிட்டால், பிறகு போக வெட்கமே தடையாகிவிடுகிறது என்று திரும்பி வந்த பிள்ளைகளே சொல்கிறார்கள். கத்தோலிக்கத் தோழிகளிடமும் இதைப் பேசினேன், அவர்கள் பங்கிலும் இதே பாடுதான் என்றார்கள். இதில் சபைப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே பெங்களூரு, ஓசூர், சென்னை, கோவையில் இருக்கும் சேலத்து விசுவாசிகளிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் போகும் ஆலயத்தின் பெயர், தமிழ் ஆராதனை நேரம், புதிதாக வரும் ஒரு பிள்ளைக்கு ஞாயிறு மதியம் உங்கள் வீட்டில் சோறு போட முடியுமா என்பது, இந்த மூன்றையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஏப்ரல் கடைசிக்குள் பட்டியல் என் கைக்கு வந்துவிட்டால், முகாமுக்கு பஸ் ஏறும் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தனுப்புவேன்.